இருபத்தாறு வீட்டு நடைபாதைக்கு யார் கட்டுவது?

"எல்லாரும் ஓம் எண்டுதான் சொன்னவை, அப்பா." போன கிழமை மகள் நிரோ போனில் இதைச் சந்தோஷமாகச் சொன்னாள். சிட்னியில் ஒரு கவுன்சிலில், எங்கள் ஊர் நகரசபை மாதிரி, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஒரு வீதிக்கு வடிகால் போடுவதற்கு அங்கே இருப்பவர்களிடம் பங்கு கேட்கிறார்களாம். கூட்டம் வைத்தார்களாம். எல்லாரும் தலையாட்டினார்களாம். எனக்கு இரத்த அழுத்தம் ஏறிவிட்டது. போனை வைத்துவிட்டுக் குளிசையைப் போட்டுக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நிரோ, இது உனக்கு மட்டும் இல்லை. உன்னோடு கவுன்சில் வேலைக்கு வந்திருக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டு. நான் மன்னாரில் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். மட்டும் படித்தவன். பட்டம் பெற்ற உங்களுக்குக் கணக்குச் சொல்லித்தர எனக்குத் தெரியாது. ஆனால் மனிதர் சொல்கிற "ஓம்" எத்தனை வகை என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள நான் பட்ட அவமானம் எனக்கே போதும்.

நான் வேலை செய்த ஊர் மெல்பேர்ணிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம். பெரிய நகரமும் இல்லை, கிராமமும் இல்லை. அங்கே கவுன்சிலில் கொங்கிறீட் போடுகிற ஆளாகத்தான் சேர்ந்தேன். முழங்கால் தேய்ந்த பிறகு, வேலையால் நிற்பாட்டாமல், வீடு வீடாகப் போய்க் கதைக்கிற வேலைக்கு மாற்றினார்கள். பழைய வீதி ஒன்றுக்கு நடைபாதை போடுவது என்றால், செலவில் ஒரு பகுதி கவுன்சில், மிச்சம் அந்த வீதி வீட்டுச் சொந்தக்காரர். அவர்களுக்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்து விளக்கம் சொல்வதுதான் என் வேலை.

ஏன் சனங்களிடம் கேட்கவேண்டும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மேலிடத்திலிருந்து வருகிற காசு எல்லாம் ரிப்பன் வெட்டக்கூடிய சாமானுக்குத்தான் வரும். பாலம், விளையாட்டு மைதானம், கண்ணாடி போட்ட நூலகம். பழைய வீதியில் புல்லைக் கிளறி ஒன்றரை மீற்றர் கொங்கிறீட் போடுவதற்கு எந்த மந்திரியும் கத்தரிக்கோலோடு வரமாட்டார். வீட்டுவரிப் பணம் குப்பை அள்ளவும் குழி அடைக்கவும் முடிந்துவிடும். ஆகவே பங்கு.

இதற்கு ஒரு விதி இருந்தது. கடிதம் கிடைத்த வீட்டுச் சொந்தக்காரரில் பாதிக்கு மேல் "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தால் திட்டம் அதோடு சரி. எழுதாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தம். வாடகைக்கு இருப்பவருக்கு வாக்கு இல்லை. கடிதமும் இல்லை.

நான் சொல்லப்போகிற வீதியில் இருபத்தாறு வீடு. பன்னிரண்டு வீடு எங்கள் தமிழ் ஆட்களுடையது. தேவாலயம் கிட்ட, விலையும் அந்த நாளில் குறைவு, அதனால் ஒருவரைப் பார்த்து ஒருவர் வாங்கினார்கள். வீதியில் இரண்டு பக்கமும் புல், நடுவில் தார். மழை பெய்தால் புல் சேறு. நடப்பவர், பிள்ளை வண்டி தள்ளுபவர், எல்லாரும் தாரில்தான் போகவேண்டும். லொறிகளும் அதே தாரில்தான்.

அதில் பத்தொன்பதாம் இலக்க வீட்டில் றெஜியும் ஜெசிந்தாவும் வாடகைக்கு இருந்தார்கள். றெஜி முந்தி டெலிவரி வான் ஓடியவன். சீனி வருத்தத்தில் ஒரு கால் முழங்காலோடு போய்விட்டது, சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு மூன்று தரம் இரத்தம் சுத்தம் செய்யப் போகவேண்டும். அந்த இடம் வீதி முடிவிலிருந்து கொஞ்சத் தூரம்தான். ஜெசிந்தா முதியோர் இல்லத்தில் வேலை, விடியவே போய்விடுவாள். இவன் பற்றரியில் ஓடுகிற நாலு சில்லு ஸ்கூட்டரில் தனியே தாரில் போவான். ஒருநாள் லொறி ஒன்று உரசிக்கொண்டு போனதில் பக்கக் கண்ணாடி பறந்துவிட்டது.

"அண்ணை, உங்கட கவுன்சில் எனக்கொரு ஹோர்ன் எண்டாலும் வாங்கித் தராதோ? றெயில் ஹோர்ன் மாதிரி," என்றான் என்னைக் கண்டதும்.

"ஹோர்ன் அடிச்சுக்கொண்டு எங்க போப்போறீர்? மேல போறதுக்கோ?" என்றாள் ஜெசிந்தா உள்ளேயிருந்து. பிறகு வெளியே வந்து மெதுவாகச் சொன்னாள். "பகிடியா இருக்கும் அண்ணை. எனக்கு வேலையில போன் அடிச்சாலே இவருக்குத்தான் ஏதோ எண்டு பயம். பாதை வராட்டி நாங்கள் வேற இடம் பார்க்கத்தான் வேணும். இவ்வளவு கிட்ட இன்னொரு வீடு இந்த வாடகைக்குக் கிடைக்காது."

அவர்களிடம் கேட்டு எழுத எனக்குப் படிவத்தில் இடம் இல்லை. "பார்ப்பம்" என்றுவிட்டு வந்தேன். ஆனால் அந்தப் பாதையை எப்படியும் கொண்டுவரவேண்டும் என்று மனத்துக்குள் முடிவு கட்டிவிட்டேன். பிழை அங்கேதான் தொடங்கியது. ஆசைப்பட்டவனுக்கு எல்லாம் ஓம் போலத்தான் கேட்கும்.

வெள்ளைக்கார வீடுகளுக்கு முதலில் போனேன். கதவைத் திறந்து, தாளைப் பார்த்து, ஐந்து பேர் அந்த இடத்திலேயே "நான் கட்டமாட்டன், மேட்" என்றார்கள். ஒருவர் தாளை என் கையிலேயே திருப்பித் தந்தார். நான் ஐந்து "வேண்டாம்" எழுதினேன். மனதுக்குள் திட்டினேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை எங்கள் வீடுகளுக்குப் போனேன். ஆ, அது வேறு உலகம். "வாங்கோ வாங்கோ அண்ணை, இருங்கோ." கதிரை இழுத்துப் போட்டார்கள். றோல்ஸ், பற்றிஸ், கேக், தேத்தண்ணி. நாலாவது வீட்டில் வயிறு வெடிக்கும் போல இருந்தது. ஊர்க்கதை கதைத்தோம், பிள்ளைகளின் படிப்பைக் கதைத்தோம். இடையில் நான், "இந்த நடைபாதை விசயம்..." என்று தொடங்குவேன்.

"ஓம் ஓம், நல்ல விசயம்தானே. செய்யுங்கோ. நீங்கள் செய்தால் பிழையா செய்வியளோ?"

அவ்வளவுதான். நானும் மேலே கதைக்கவில்லை. ஒருவர் வீட்டில் அவருடைய சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, "உங்களுக்கு இத்தனை ஆயிரம் வரும்" என்று எப்படிச் சொல்வது? வாய் வரவில்லை. ஒவ்வொரு வீட்டின் பங்கும் எழுதிய கடிதத்தை என்ன செய்தேன் தெரியுமா? வெளிக்கிடும்போது, வாசலில் வைத்து, கலியாண வீட்டில் கவர் கொடுக்கிற மாதிரி, மூடியபடியே கையில் வைத்து அமத்திவிட்டு வந்தேன். அவர்களும் அதே மாதிரி, பார்க்காமல் வாங்கி மேசையில் வைத்தார்கள்.

அறிக்கையில் எழுதினேன்: எதிர்ப்பு ஐந்து வீடு. எங்கள் பன்னிரண்டும் முழுச் சம்மதம். எங்கள் மனேஜர் ஒரு வெள்ளைக்காரப் பெண், சொல்லுக்குச் சொல் கேள்வி கேட்கிறவர். அறிக்கையைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். இந்தப் பன்னிரண்டு வீட்டிலும் ஒருவர்கூட எவ்வளவு வரும் என்று கேட்கவில்லையா?

எங்கள் ஆட்களுக்கு என்மேல் நம்பிக்கை என்றேன். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன், அதுதான் இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. அவர் என் சொல்லை நம்பிக் கவுன்சிலின் பங்குக் காசை அந்த வருட வேலைக்குள் சேர்த்துவிட்டார். வேறொரு வீதியைத் தள்ளி வைத்துவிட்டு.

எதிர்ப்புக் கடிதம் கொடுக்கும் கடைசி நாள் முடிந்த மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார். மேசையில் தாள்களை விரித்து வைத்திருந்தார். பதினான்கு. பாதி பதின்மூன்று. ஒன்று கூட.

"கட்டமாட்டன், மேட்" என்ற ஐந்து பேரில் இரண்டு பேர் எழுதவேயில்லை. அவர்கள் அடுத்த நாளே கவுன்சிலுக்குப் போன் எடுத்து, தவணை உண்டா, பென்சன்காரருக்கு என்ன என்று மனேஜரைக் குடைந்து, திருப்தியாகிப் பேசாமல் இருந்துவிட்டார்கள். மற்ற மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மிச்சம் பதினொரு தாள். பதினொன்றிலும் எங்கள் ஆட்களின் பெயர். அழகான கையெழுத்துகள். எழுதாமல் விட்டது ஒரேயொரு தமிழ் வீடு. அது வயதான ஒரு அன்ரியுடையது. அவ கடிதமே பிரிப்பதில்லை.

 மனேஜர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். கவுன்சில் கூடித் தீர்மானம் எடுக்கும் வரை எழுதியவர்கள் தங்கள் எதிர்ப்பைத் திருப்பி எடுக்கலாம், பத்து நாள் இருக்கிறது, இல்லாவிட்டால் காசு வேறு வீதிக்குப் போகும் என்றார். போகும்போது இன்னொன்றும் சொன்னார். அடுத்த முறை உன்னிடமிருந்து சம்மதப் பட்டியல் எனக்கு வேண்டாம், யார் யார் என்னென்ன சொல்லி உன்னோடு சண்டை பிடித்தார்கள் என்ற பட்டியலைக் கொண்டு வா என்றார்.

அன்று பின்னேரம் அருளப்பு அண்ணை போன் எடுத்தார். எங்கள் ஊர் ஆள், பூசையில் முன்வரிசை வாங்கில் இருப்பவர், ஆருக்கு என்ன கஷ்டம் என்றாலும் முதல் நிற்பவர். அந்த வீதியில் அவருக்கு இரண்டு வீடு. ஒன்றில் அவர். மற்றது பத்தொன்பதாம் இலக்கம், றெஜி இருக்கிற வீடு. பதினொரு தாளில் இரண்டு அவருடையது.

"தம்பி, உனக்கு வேலையில பிரச்சினையாமே?"

"ஓம் அண்ணை."

"உனக்குப் பிரச்சினை வருமெண்டு எங்களுக்குத் தெரியுமே? சனம் சொல்லிச்சு, வீட்டுக்கு இவ்வளவெண்டு கவுன்சில் உனக்குக் கொமிஷன் தருதாம், அதாலதான் நீ ஓடித் திரியிறாயெண்டு. சரி, அதை விடு. ஒரு சொல்லுச் சொல்லு. நாலு பேரைக் கூப்பிட்டுத் திருப்பி எடுக்கச் சொல்லுறன். நானும் எடுக்கிறன். உனக்காக."

கொமிஷன்! பதினொரு வீட்டில் ஒருவருக்காவது என்னிடம் நேரே கேட்க வாய் இருந்ததா? ஆனால் பிள்ளைகளே, கோபத்துக்கு நடுவிலும் எனக்கு ஆசை வந்தது. ஒரு சொல். நாலு கையெழுத்து. பாதை வரும், றெஜி போவான், மனேஜருக்கு முன் என் முகம் தப்பும். "யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை" என்றேன்.

குசினியில் நின்ற உன் அம்மா எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவ. கறியைக் கிளறுவதை நிற்பாட்டாமலே சொன்னா.

"எடுப்பினம். உங்கட முகத்துக்காக எடுப்பினம். பிறகு பில் வரேக்க அந்த முகத்தைத்தான் பேசுவினம், நீங்கள் செத்த பிறகும்."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறீர்?"

"முதல் போய் அந்தத் தொகையைச் சொல்லுங்கோ. வாயைத் திறந்து."

எனக்கு அவவிலும் கோபம் வந்தது, சரியாகச் சொன்னதால். அருளப்பு அண்ணைக்குத் திருப்பிப் போன் எடுத்து, எனக்காக ஒருவரும் எடுக்கவேண்டாம், ஞாயிறு தமிழ்ப் பூசை முடிய தேவாலய மண்டபத்துக்கு வாருங்கள், உங்களுக்கு எது சரியோ அதைச் செய்யுங்கள் என்றேன். "ஓ, அப்படியோ," என்றார். குரல் குளிர்ந்துவிட்டது. உதவியை வாங்காதவன்மேல் வருகிற குளிர் அது.

மண்டபத்தில் அன்று தேத்தண்ணிப் பாத்திரத்தை நானே குசினிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். எல்லாரும் இருக்க முதல் வசனமாக ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு என்று சொன்னேன். சத்தமாக. பிறகு கொமிஷன் இல்லை, என் சம்பளத்தில் ஒரு சதமும் கூடாது என்றேன். பிறகு, "இப்ப ஏசுங்கோ. ஏசி முடியாமல் ஒருத்தருக்கும் தேத்தண்ணி இல்லை," என்றேன்.

 எங்கள் சனத்துக்கு ஏசச் சொன்னால் ஏச வராது. பிறகு ஒரு தங்கச்சி எழும்பினா.

"பொயிண்ட் குக்கில, அந்தப் புதுக் குடியிருப்பில, என்ர மச்சானின்ர வீதியில ரெண்டு பக்கமும் பாதை இருக்கு. அவர் ஒரு சதம் கட்டேல்ல. நாங்கள் மட்டும் என்ன இளிச்சவாயரோ?"

"மச்சான் கட்டினவர் தங்கச்சி. காணி வாங்கின விலைக்குள்ள அதுவும் இருந்தது. அவருக்கு ஒருத்தரும் பிரிச்சுச் சொல்லேல்ல, அவ்வளவுதான்."

"அப்ப நீங்களும் எங்களுக்குச் சொல்லேல்லத்தானே?" என்றா. மண்டபம் சிரித்தது. எனக்கு வேண்டியதுதான்.

அதோடு அணை உடைந்தது. ஏன் எங்கள் வீதி, ஏன் இந்த வருடம், ஏன் நாங்கள்? பயன் பெறுகிறவர் பங்கு கட்டத்தான் வேண்டும் என்றேன். ஒரே தரத்தில் கட்டவேண்டுமா? சில வருடங்களில் தவணையாகக் கட்டலாம், கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது என்றேன். "ரெண்டாம் பக்கமோ?" என்று பாதிப் பேர் கேட்டார்கள். ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை. தொகையைக் கண்டதும் மூடி வைத்துவிட்டார்கள். கடிதம் பிரிக்காத அன்ரி மட்டும், "தம்பி, நான் இப்ப வேண்டாமெண்டு எழுதலாமோ?" என்றா. நாள் முடிந்துவிட்டது அன்ரி என்றேன்.

கடைசியில் அருளப்பு அண்ணை எழும்பினார். "தம்பி, நீ வெளிப்படையாக் கதைக்கிறாய், நானும் கதைக்கிறன். எனக்கு ரெண்டு வீடு, ரெண்டு பங்கு. எனக்குக் கார் இருக்கு. நடக்கிறவன் நானில்லை. நான் திருப்பி எடுக்கமாட்டன்."

பின்வரிசையில், கதவோரம் ஸ்கூட்டரில் இருந்த றெஜி கையைத் தூக்கினான்.

"நடக்கிறவன் நானுமில்லை அண்ணை."

சிரிக்கிறதா விடுகிறதா என்று தெரியாமல் சனம் திணறியது. அருளப்பு அண்ணைக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் மாறவில்லை. எனக்கு அவரில் அன்று கோபம் இல்லை, உண்மையாகச் சொல்கிறேன். எங்கள் ஆட்களில் என் முகத்தைப் பார்த்து "மாட்டன்" என்று சொன்ன முதல் மனிதர் அவர்.

அந்தக் கிழமை மூன்று பேர் எதிர்ப்பைத் திருப்பி எடுத்தார்கள். எனக்காக இல்லை, தவணைக்காக. பதினொன்று. திட்டம் பிழைத்தது. சில மாதத்தில் கொங்கிறீட் விழுந்தது. என் முழங்காலோடு போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். திட்டத்தை முடித்து வைக்கிற அறிக்கையையும் எழுதிக் கொடுத்தேன். இதற்குமேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன். இந்த வேலையில் அப்படி நினைக்கிற நேரம் பார்த்துத்தான் அடி விழும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வீதியால் போனேன். ஜெசிந்தா வேலை உடுப்போடு வெளிக்கிட்டு நின்றாள்.

"என்ன பிள்ளை, ஞாயிறும் வேலையோ? பூசைக்கு வரேல்லையோ?"

"இப்ப ஞாயிறும் எடுத்திருக்கிறன் அண்ணை. வாடகை கூடீட்டுது."

"எவ்வளவால?"

சொன்னாள். மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். பத்தொன்பதாம் இலக்க வீட்டின் பங்கு, தவணை தவணையாக, கிட்டத்தட்ட அப்படியே.

"வீட்டின்ர பெறுமதி கூடீட்டுதாம்," என்றான் றெஜி, பாதையில் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு. "வாசலில பாதை இருக்கிற வீடெல்லோ. நாங்கள் இப்ப பணக்காரப் பகுதி அண்ணை."

"நீங்கள் ஒண்டும் கதைக்கப் போகாதேங்கோ," என்றாள் ஜெசிந்தா. "றோட்டில போறதை விட இது காணும். எனக்கு இப்ப போன் அடிச்சால் பயமில்லை."

நான் கதைக்கப் போனேன். போகாமல் இருப்பேனா? அருளப்பு அண்ணை கோபிக்கவில்லை. கதிரை தந்தார். "சட்டப்படிதான் கூட்டினனான். பாதையைப் பாவிக்கிறது ஆர், நானோ?" என்றார்.  பயன் பெறுகிறவர் பங்கு கட்டவேண்டும் என்று சனத்துக்கு முன் வாதாடியவன் நான்தானே. அந்த வீதியில் பாதை இல்லாமல் முடியாதவர்கள் இரண்டே பேர். அவர்களுக்குக் கடிதம் போகவில்லை, வாக்கு இல்லை. அந்த வீட்டின் முழுப் பங்கையும் கட்டுவது அவர்கள். நான் கதவு கதவாய்ப் போய் எல்லாருடைய ஓமையும் வேண்டாமையும் எண்ணினேன், காசு கடைசியில் யாருடைய கையிலிருந்து வரும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை மனேஜரிடம் போய் அந்த முடிவறிக்கையைத் திருப்பி வாங்கினேன். "செலவைச் சுமப்பவர்கள்" என்ற இடத்தில் நான் தட்டெழுதியிருந்தது: கவுன்சில், வீட்டுச் சொந்தக்காரர்கள். மூன்றாவதாக ஒன்று சேர்க்கவேண்டும் என்றேன். படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை, கணினி ஏற்காது என்றார். முகத்தைப் பார்க்க அவருக்கும் அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. நான் பேனையை எடுத்துத் தாளின் ஓரத்தில் கையால் எழுதினேன்: பத்தொன்பதாம் இலக்கத்தில் வாடகைக்கு இருப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை வேலையால். மனேஜர் வாசித்துவிட்டுக் கீழே கையெழுத்து வைத்தார்.

ஓய்வு பெறுவதற்கு முன் ஒருநாள் அந்தக் கோப்பைக் கணினியில் தேடிப் பார்த்தேன். ஸ்கான் செய்த பிரதியில் தாளின் ஓரம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

நீங்கள் ஓரத்தில் எழுதாதீர்கள், பிள்ளைகளே. யார் கட்டுவது என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள், கூட்டம் வைப்பதற்கு முதலே.